பழுது: இல்லை

இப்படிக் கிட்ட வந்து உட்கார், அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருந்திருக்கலாம், அதனால் நீ என்றே பேசுகிறேன். அதிகாரிக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொள்ளாதே. எழுதிக்கொள்கிறவரையும் கொஞ்சம் நெருங்கி உட்காரச் சொல். சத்தம் போட்டுப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஒரு கதை சொல்கிறேன். தலையிலிருந்து வால்வரை சொல்கிறேன், நடுவில் எதையும் விழுங்க மாட்டேன்.

பழைய கம்ப்யூட்டரை ஒரேயடியாகப் புதுசாக்க நம்மைப் போன்றவர்களுக்கு வசதிப்படாது. ஒவ்வொரு பாகமாகத்தான் மாற்ற வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை அதிகம்.

அந்த கம்ப்யூட்டர் என் தங்கையுடையது. சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பத்தொரு வயதானாலும் எனக்குச் சின்னவள்தான். அவளுக்கு ஒன்பது வயதில் எங்கள் அம்மா போய்விட்டார். அன்றிலிருந்து தலை வாரிவிட்டது நான், படிக்க வைத்தது நான். கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பதிவுச் சீட்டு எழுதும் வேலை அவளுக்கு. ஏழு வருடம் முன்பு அங்கே பழைய கம்ப்யூட்டர்களை எல்லாம் ஊழியர்களுக்கே மலிவாகக் கொடுத்தார்கள். சின்னவள் ஒன்றை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி.

"எதுக்குடி இது? சீட்டு எழுதி அலுக்கலையா?" என்று கேட்டேன்.

"விளையாட, அக்கா."

"வயசு திரும்புதா?"

"திரும்பினா நல்லதுதானே. உனக்கும் ஒரு ரவுண்டு வாங்கித் தரேன்."

அப்படித்தான் பேசுவாள். வாய் ஜாஸ்தி.

அவள் ஆடியது என்ன ஆட்டம் என்று உனக்குத் தெரிய வேண்டும். இடிந்து கிடக்கும் ஒரு ஊர். நான்கு பேர் ஒரு குழுவாக உள்ளே போய், அங்கே மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அந்த நான்கு பேரும் நான்கு ஊர்களில் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். காதில் மாட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். அங்கே சின்னவளுக்குப் பெயர் பூனை. மாலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது மணிவரை. நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சிரிப்பாள். அவள் சிரிப்பு எத்தனை வகை என்று எனக்குத் தெரியும், வளர்த்தவள் நான். இந்தச் சிரிப்பை அதுவரை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை.

ஆனால் முதல் வருடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் அந்த மெஷின் கிழடு. பாதி ஆட்டத்தில் படம் உறைந்து நின்றுவிடும். மற்ற மூன்று பேரும் முன்னால் போய்விடுவார்கள், பூனை மட்டும் ஒரு சுவரோரம் காலைத் தூக்கியபடி நிற்கும். எட்டு மணிக்கே சின்னவள் காதில் இருப்பதைக் கழற்றிவிட்டு வெளியே வந்துவிடுவாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். எட்டு மணி என்பது சாப்பிட நல்ல நேரம்.

பிறகுதான் அவள் பாகம் பாகமாக மாற்றலாம் என்று ஆரம்பித்தாள். பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்கு நடந்தாள். மூக்குக் கண்ணாடியின் காம்பு உடைந்ததற்கு நூல் சுற்றிக்கொண்டாள், கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். அப்படி மிச்சம் பிடித்து நாலைந்து மாதத்துக்கு ஒரு பாகம். முதலில் ரேம், குச்சி மாதிரி இரண்டு. எங்கள் தெருவில் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தவரிடம் வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள்.

என் கையில் ஏன் என்று நீ கேட்கலாம். நான் ஸ்டெபிலைசர் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவள். கடைசிப் பதினோரு வருடம் சோதனை மேசை என் பொறுப்பு. பற்றவைக்கும் கம்பியைப் பிடித்தால் இன்றைக்கும் என் கை நடுங்காது. "எங்க அக்காதான் என் மெக்கானிக்" என்று அவள் அந்த மூன்று பேரிடமும் பெருமை அடித்துக்கொள்வாள்.

ஒரு விஷயத்தை அவளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன். அதை நன்றாக எழுதிக்கொள்ளச் சொல். நம் உடம்பில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். அதோடு போய் உள்ளே உள்ள பாகத்தைத் தொட்டால் பாகம் செத்துப்போகும். அதனால் பிளக்கைச் சொருகி வைத்துவிட்டு, முதலில் கேபினெட்டின், அதாவது அந்தப் பெட்டியின், வெறும் இரும்பைத் தொட வேண்டும். உடம்பில் இருப்பது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விடும். பிறகுதான் பாகத்தில் கை வைக்க வேண்டும். தொழிற்சாலையில் இதைச் செய்யாதவளை நான் மேசையில் உட்காரவிட்டதில்லை.

சின்னவள் அதை ஒரு விளையாட்டாக ஆக்கிக்கொண்டாள். எனக்குப் பாகம் எடுத்துக் கொடுக்க உட்காரும்போதெல்லாம் உள்ளங்கையை விரித்து இரும்பின்மேல் வைப்பாள், "உள்ளே வரலாமா?" என்று கேட்பாள். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி தலையைச் சாய்ப்பாள். பிறகுதான் வேலை. ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட மறந்ததில்லை.

ரேம் போட்டதும் மெஷின் ஓடியது. ஒன்பது மணிவரை ஓடியது. நான் சாப்பாட்டை இரண்டு தடவை சூடு பண்ணினேன். மூன்றாவது வாரம் அவள் வேலைக்குப் போனபின் கேபினெட்டைத் திறந்து, இரண்டில் ஒரு குச்சியை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். அவள் எதையும் சரிபார்க்கிறவள் இல்லை. அக்கா போட்டது சரியாகத்தான் இருக்கும். எட்டு மணிக்குச் சாப்பிட வந்தாள். "கிழடு கிழடுதான் அக்கா" என்று சொன்னாள். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தேன்.

எடுத்த குச்சியை உன் மேசைமேல் இருக்கிற அந்தப் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். சீட்டும் கட்டினேன். தொழிற்சாலையில் வரிசையிலிருந்து எந்தப் பொருளை எடுத்தாலும் நான்கு வரிச் சீட்டு ஒன்றைக் கட்ட வேண்டும். நாள், பொருள், பழுது, எடுத்த காரணம். சீட்டில்லாத பொருள் என் மேசையில் ஒரு நிமிடம் கிடந்ததில்லை. உங்கள் ஆட்கள் பரணில் தேடியபோது அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தார்கள் என்று தெரியும். வேறு யாராவதாக இருந்தால் வீசி எறிந்திருப்பார்கள். எனக்கு அது வரவில்லை. வேலை என்றால் வேலையாகச் செய்ய வேண்டும்.

அடுத்து எஸ்எஸ்டி வாங்கினாள், எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற பாகம். நான் போட்டுக் கொடுத்தேன். மெஷின் கண் சிமிட்டும் நேரத்தில் எழுந்து நின்றது. பத்து நாள் கழித்து உள்ளே இருக்கும் விசிறியில் தையல் பஞ்சைத் திணித்தேன். சூடு ஏறினால் மெஷின் தானாகவே மெதுவாகப் போகும். அவள் வேறு விசிறி வாங்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் எங்கள் வீட்டில் எட்டு மணிக்குச் சாப்பாடு.

மூன்றாவதாக கிராபிக்ஸ் கார்டு. திரையில் படம் வரைவது அதுதான். அதுதான் விலையும் அதிகம். புதிது வாங்க முடியாது. கடைக்காரர் யாரோ கொடுத்துவிட்டுப் போன கார்டு ஒன்றைச் சுத்தம் செய்து, ஆறு மாதம் பொறுப்பு என்று எழுதியும் கொடுத்தார். அது நன்றாகவே ஓடியது. அதை எடுத்து ஒளித்தால் தெரிந்துவிடும். அதனால் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் கார்டில் உள்ள ஒரு சில்லின் ஒரே ஒரு காலை மட்டும் தூக்கிவிட்டேன். எறும்புக் கால் அளவுதான் இருக்கும்.

கடைக்கு அவளோடு நானும் போனேன். அவர் பெரிய கண்ணாடியை வைத்துப் பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, இது தானா போகல. யாரோ பத்தவச்சு எடுத்திருக்காங்க. தெரிஞ்ச கைதான் பண்ணியிருக்கு."

"எங்க வீட்டுல நாங்க ரெண்டே பேரு, சார். அப்ப யாரு? எங்க அக்காவா?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நான் யாரையும் சொல்லலம்மா. கண்ணுல பட்டத சொன்னேன்."

"செத்த கார்டைத் தலையில கட்டிட்டு, பழியை வயசானவங்க மேல போடறீங்களா? கடை போர்டுல 'நாணயம்'னு எழுதியிருக்கீங்களே, அத முதல்ல அழிங்க."

நான் அவள் கையைப் பிடித்து, "விடு சின்னவளே, பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கு" என்றேன். அப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காகும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே அந்தக் கடையைப் பற்றி நெட்டில் எழுதிவிட்டாள். அந்த மூன்று பேரும் எழுதினார்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்களும் எழுதினார்கள். ஒரு வருடத்துக்குள் மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் கேன் கடை வந்துவிட்டது. அவர் எங்கே போனார் என்று தெரியாது. நல்ல கண் அவருக்கு. எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்தால் நானே வேலை கொடுத்திருப்பேன்.

இனி அந்த ஆளுக்கு வருகிறேன். வெளியே பெஞ்சில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். ஆட்டத்தில் அவருக்குக் கொக்கு என்று பெயர். ஒரே இடத்தில் அசையாமல் நின்று காவல் காப்பாராம். மனைவியை இழந்தவர், ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவுகிற வேலை. பூனையின் மெஷின் உறைந்து நிற்கும்போது மற்ற இரண்டு பேரும் முன்னால் ஓடிவிடுவார்கள், இவர் மட்டும் திரும்பி வந்து பக்கத்தில் நிற்பாராம். இதைச் சின்னவளே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"கொக்கு எத்தனை நாளைக்கு ஒத்தக் கால்ல நிக்கும்? மீன் கெடச்சா பறந்துடும்" என்று சொன்னேன்.

"நாலு வருஷமா நிக்குது அக்கா. கால் வலிக்கலையாம்."

இதைக் கவனி, அம்மா. மெஷினை நான் மெதுவாக்கியதால்தான் அந்த ஆள் அவள் பக்கத்தில் வந்து நின்றார். இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். சோதனை மேசையில் இருந்தவள், இதைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

போன வருடக் கடைசியில் ஒரு பார்சல் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அந்த ஆள் தனக்குப் புது கார்டு வாங்கிக்கொண்டு, பழையதைத் துண்டில் சுற்றி அனுப்பியிருந்தார். "பூனைக்கு, இனிமே நிக்க வேண்டாம்" என்று ஒரு துண்டுத் தாள். அவள் அந்தத் துண்டைத் துவைத்து மடித்துத் தன் அலமாரியில் வைத்தாள். கார்டுக்கு ஏற்ற பெரிய பவர் சப்ளையைப் போனஸில் வாங்கினாள். முதல் தடவையாக அவளே எல்லாவற்றையும் மாட்டினாள். "நீ எவ்வளவுதான் கஷ்டப்படுவே, உட்காரு" என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மாட்டினாள். உள்ளங்கையை வைத்தாள், "உள்ளே வரலாமா?" என்றாள். ஏழு வருடமாகச் சேர்த்த மெஷின், அந்த ஒரு குச்சி குறைந்தும், அன்றைக்குத்தான் நிற்காமல் ஓடியது. நானும் பார்த்தேன். நல்ல வேலை. என்னிடம் கற்றவள்.

ஒரு மாதம் கழித்து, எட்டு மணிக்கு, தானாகவே ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் அங்க போயிடலாம்னு இருக்கேன்."

"விளையாடவா?"

"வாழ."

நான் தண்ணீர் குடித்தேன்.

"இங்க என்னடி குறை?"

"குறை ஒண்ணும் இல்ல அக்கா. எனக்கு அம்பத்தொண்ணு. அவ்வளவுதான்." பிறகு என் பக்கமாக நகர்ந்து கையைப் பிடித்தாள். "நீயும் வா. அவர்தான் மொதல்ல சொன்னாரு, அக்காவைத் தனியா விடக்கூடாதுன்னு. மாடியில ஒரு ரூம் இருக்கு, காத்து வரும். உனக்கு ஒரு மேசை போட்டுத் தராராம், பத்தவைக்கிற சாமான் வச்சுக்க. பள்ளிக்கூடத்துல உடைஞ்சது எவ்வளவோ இருக்காம்."

பார்த்தாயா, எனக்கு வேலை கொடுக்கிறார்களாம். அடுத்தவர் வீட்டு மாடியில் எனக்கென்ன வேலை? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சனிக்கிழமை மதியப் பேருந்துக்குச் சீட்டு போட்டாள். எனக்கும் சேர்த்துப் போட்டிருந்தாள். அதுவும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது.

டப்பாவின் அடியில் ஒரு கடிதம் கிடக்கிறது, அதைப் பற்றியும் நீ கேட்பாய். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கடிதம். சின்னவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சம்மதம் என்று எழுதியது. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். அவர்கள் எழுதவே இல்லை என்று சின்னவள் இரண்டு வாரம் அழுதாள். நான் மடியில் போட்டுத் தேற்றினேன். அதற்கும் சீட்டு இருக்கிறது. கடிதம். பழுது: இல்லை. கடிதத்தை எடுப்பது சுலபம், அம்மா. திருகாணி கிடையாது.

பயணத்துக்கு மெஷினையும் கொண்டுபோவதாக இருந்தாள். கனமான கார்டு பேருந்தின் குலுக்கலில் முறிந்துவிடும், அதனால் சனிக்கிழமை காலை கேபினெட்டைத் திறந்து கார்டை மட்டும் தனியாகக் கழற்றி, அந்த ஆளுடைய துண்டிலேயே சுற்றிக்கொள்ள வேண்டும். இதையும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். வியாழக்கிழமையே குழுவிடம் சொல்லிக்கொண்டு மெஷினை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் வழியனுப்பு விருந்து. பகல் முழுவதும் வீடு எனக்குத்தான்.

பச்சை நிற எர்த் கம்பியை எடுத்தேன். அந்த இடத்தில் எதைச் சேர்த்தேன் என்று உங்கள் மின் ஆய்வாளர் எழுதிக் கொடுத்திருப்பார். தெளிவாக எழுதுகிற மனிதராகத் தெரிகிறார், நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது நிமிட வேலை. கை நடுங்கவில்லை.

சனிக்கிழமை காலை அவள் அறையைத் துடைத்தேன். ஊருக்குப் போகும்போது வீடு சுத்தமாக இருக்க வேண்டும். ஈரம் காய நேரமாயிற்று. அவளுடைய ரப்பர் செருப்பைக் கழுவி வெளியே கம்பியில் மாட்டினேன். அதுவும் அழுக்காகத்தான் இருந்தது.

அவள் காபியைக் குடித்துவிட்டுத் தலையை முடிந்துகொண்டே உள்ளே போனாள். "அக்கா, உன் பெட்டிய இன்னும் கட்டலையே? புடவையை எல்லாம் நான் மடிச்சுத் தரட்டுமா?" என்று குரல் கொடுத்தாள்.

"கார்டை மொதல்ல கழட்டு" என்றேன். "இரும்பத் தொட மறந்துடாதே."

"எப்ப மறந்திருக்கேன்?"

நான் சமையலறையில்தான் இருந்தேன். உள்ளே வரலாமா என்று அவள் கேட்டது காதில் விழுந்தது.

பயமுறுத்தத்தான் செய்தேன் என்று நேற்று உன்னிடம் சொன்னேன். ஒரு அதிர்ச்சி கொடுத்தால் அந்த மெஷின்மேல் வெறுப்பு வந்துவிடும், வீட்டோடு இருப்பாள் என்று. நீ மெதுவாக, கோபப்படாமல், அப்படியானால் செருப்பை ஏன் கழுவினீர்கள் என்று கேட்டாய். எனக்கு ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான். நல்ல சோதனைக்காரி நீ. இன்னொன்றும் நீ பார்த்திருப்பாய், கேட்காமல் வைத்திருக்கிறாய். டப்பாவில் மேலாக இருக்கிற சீட்டு. நான் படித்துக் காட்டுகிறேன், எழுதிக்கொள்ளட்டும்.

நாள்: வெள்ளி. பொருள்: பச்சைக் கம்பி, ஒரு முழம். பழுது: இல்லை. எடுத்த காரணம்: சின்னவள் என்னை விட்டுப் போகாமல் இருக்க.

வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டேன். விஷயம் அவ்வளவுதான். கொல்லத்தான் எடுத்தேன். எடுக்கும்போதே தெரியும்.

அவளைப் பிணவறையிலிருந்து கொடுக்கும்போது அந்த ஆளிடம் கொடுத்துவிடாதே. அவர் கேட்பார், அழுவார். சட்டப்படி நெருங்கிய உறவு நான்தான், கையெழுத்து என்னுடையதுதான் செல்லும். என் வீட்டிலிருந்துதான் அவளை எடுக்க வேண்டும். எட்டு மணிக்கு முன்னால் எடுத்துவிடாதீர்கள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் சின்னவள் எங்கேயும் போகவில்லை, பார், கடைசிவரை என்னோடுதான் இருந்தாள்.

கதை முடிந்தது. களைத்திருக்கிறாய், வீட்டுக்குப் போய் நேரத்துக்குச் சாப்பிடு. உன் வீட்டில் விளக்கும் அடுப்பும் ஒரு நாளும் அணையாமல் இருக்கட்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும். என்னைப் போல உன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருத்தி, உன் வீட்டிலும் நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும், அம்மா.